மூன்று அங்குல மிச்சம்

மூன்று அங்குலம் மிச்சம் வந்தால் அதை எங்கே வைப்பீர்கள்? என்னைக் கேட்டிருந்தால், கண்ணில் படாத இடமாகப் பார்த்து ஓர் ஓரத்தில் தள்ளிவிடலாம் என்றிருப்பேன். சொல்வதென்ன, செய்தே இருக்கிறேன். நான் அப்படித் தள்ளிய மூன்று அங்குலத்தால் ஒரு பெண்மணி இன்றுவரை தன் வீட்டு வாசலைத் தாண்டித் தன் காலால் நடந்து போகவில்லை. இதை எழுதுவது அவருடைய கணவரைப் பற்றி. அந்த மூன்று அங்குலத்தை எங்கே வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். என்னிடம் சொல்லவும் சொன்னார். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இலங்கை மலையகத்தில், நோர்வூட் கடைவீதியில், எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் ஒருவரின் புடவைக் கடைக்கு முன்னால், ஒரு தையல் மெஷினும் ஒரு முக்காலியும் போடுகிற அளவு இடத்தில் அவர் உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் யாரும் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊருக்கு அவர் டெய்லர், எனக்கு டெய்லரண்ணன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், ஒல்லியான ஆள். கழுத்தில் எந்நேரமும் டேப் தொங்கும். கோயிலுக்குப் போகும்போதுகூட அதைக் கழற்ற மறந்து, பூசாரி விபூதி பூச வரும்போது இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைக் கவுனுக்கு இடுப்பைச் சுற்றிப் பன்னிரண்டு மடிப்பு வைப்பார். எல்லாம் மடித்து ஊசி குத்திய பிறகு சில நேரம் அரை அங்குலத் துணி மிஞ்சும். வேறு தையற்காரர் என்றால் முதுகுப் பக்கத்து மடிப்பில் அதைச் செருகிவிட்டு அடுத்த கவுனை எடுப்பார். இவர் பன்னிரண்டு ஊசியையும் பிடுங்குவார். கடைக்கார நானா உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார்.

"அரை இஞ்சு யாருக்கு டெய்லர் தெரியப் போகுது? பின்னால தள்ளி விடுங்களேன்."

"மிச்சத்த ஒரே எடத்துல வச்சா, அந்த எடந்தாங்க நானா மொதல்ல கிழியும். எல்லாத்துக்கும் கொஞ்சங் கொஞ்சம் குடுத்துட்டா ஒண்ணுக்கும் தெரியாது."

இதைச் சொல்லும்போது நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். பாடம் நடத்துகிற தோரணை எதுவும் அவரிடம் கிடையாது. ஊசியை வாயில் கவ்விக்கொண்டு பேசுவதால் பாதி வார்த்தை விளங்கவும் செய்யாது. அவருக்கு இது கொள்கை இல்லை, ஒரு அரிப்பு. எந்த மிச்சத்தையும் ஒரே இடத்தில் விட்டுவைக்க அவரால் முடியாது.

அவர் குடியிருந்த தேயிலைத் தோட்டத்துச் சண்டைகளிலும் அவரைக் கூப்பிடுவதற்கு அதுதான் காரணம். ஒரு மழைக்காலத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராக்காரர்கள் இரண்டு பேர் கான் என்கிற வாய்க்கால் தண்ணீருக்காக அடித்துக்கொண்டார்கள். காம்பரா என்றால், தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கிற ஓர் அறை. டெய்லர் இரண்டு பேரையும் உட்கார வைத்து, ஒருவரைக் காட்டி, "நீங்க தண்ணியத் திருப்பி விட்டது ஒரு பங்கு" என்றார். மற்றவரிடம், "நீங்க அவுங்க அம்மாவ இழுத்துப் பேசுனது ஒரு பங்கு. மிச்சம் ஒரு பங்கு மழையோடது. அத யாருகிட்டப் போய்க் கேக்குறது, விட்டுருங்க" என்று முடித்தார். அடித்துக்கொண்டவர்களே சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் எது நடந்தாலும் மழைக்கும் ஒரு பங்கு ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது.

நான் அவரை அறிந்தது வீடு கட்டும் வேலையில். லயங்களை விட்டுத் தனித்தனி வீடுகளுக்குத் தொழிலாளர்களை மாற்றும் திட்டத்தில் நான் தொழில்நுட்ப உத்தியோகத்தன். படம் கீறுவது, நிலம் அளப்பது, மேசன்மாரை மேய்ப்பது எல்லாம் என் தலையில். நானும் பொகவந்தலாவைப் பக்கத்து லயத்தில் பிறந்தவன்தான். டிப்ளோமா படித்து, காற்சட்டை போட்டு, கையில் படச்சுருளோடு ஜீப்பில் வந்து இறங்கியதும் அது கொஞ்சம் மறந்துபோயிருந்தது. மறந்தது எனக்கு அப்போது தெரியவில்லை.

அவருடைய மனைவி அந்தத் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து எடுப்பவர். வீடும் அவர் பேரில்தான் கிடைக்க இருந்தது. டெய்லர் கையில் டேப் இருந்ததால் அவரை வீட்டுச் சங்கத்தில் ஒரு ஆளாகப் போட்டிருந்தார்கள். முதல் கூட்டம் பிள்ளை மடுவத்தில் நடந்தது. வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் அது. தொட்டில்களை ஒதுக்கிவிட்டு மேசையில் என் படத்தை விரித்தேன். எல்லோரும் சாமி படத்தைப் பார்ப்பது போலத் தள்ளி நின்று பார்த்தார்கள். இவர் மட்டும் கிட்டே வந்து குனிந்து, ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

"இதுல ஆள் எங்கங்க சார்?"

"ஆளெல்லாம் படத்துல போட மாட்டோம்ணே. இது வீட்டோட படம்."

"ஆள அளக்காம எப்பிடிங்க வெட்டுனீங்க?"

சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. அவர் அதைக் கவனிக்கவில்லை. படம் என்ன அளவில் இருக்கிறது என்று கேட்டார். ஐம்பதில் ஒன்று என்றேன். கொஞ்சம் மனக்கணக்குப் போட்டுவிட்டு, சீனி சுற்றிவந்த பேப்பரைக் கிழித்து, சட்டைப் பையிலிருந்த சின்னக் கத்தரியால் புளியங்கொட்டை அளவில் ஒரு துண்டு வெட்டினார். முதுகில் கூடை போட்ட ஒரு பெண்ணை மேலேயிருந்து பார்த்தால் எவ்வளவு இடம் பிடிப்பாளோ, அந்த அளவு. அதை விரல் நுனியால் படத்தின்மேல் நகர்த்திக்கொண்டு போனார். முன்கதவில் நுழைந்தது. வரவேற்பறையைத் தாண்டியது. சமைக்கிற குசினிக்குப் போகிற வழியில் கழிவறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிற இடத்தில் நின்றுவிட்டது.

"இந்தம்மா இங்கன நிக்குது சார். கூடையோட அங்கிட்டும் போவ முடியல, இங்கிட்டும் திரும்ப முடியல."

கதவை உள்பக்கமாகத் திருப்பி, சுவரை ஒன்பது அங்குலம் தள்ளினேன். அதற்குப் பிறகு கட்டிய எல்லா வீடுகளுக்கும் அந்தத் திருத்தம் போனது. எங்கள் பெரிய எஞ்சினியர் படத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா யோசிச்சிருக்கீங்க" என்றார். நான் சிரித்தேன். சீனிப் பேப்பரைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அந்த நாட்களில் அவருடைய காம்பராவுக்குப் பலமுறை போயிருக்கிறேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி, எல்லோருக்கும் போல. உள்ளே அவர், மனைவி, இரண்டு மகள்கள், ஒரு தையல் மெஷின். ஆனால் நுழைந்தால் மூச்சு முட்டாது. பக்கத்துக் காம்பராவில் உட்கார்ந்துவிட்டு இங்கே வந்தால் இது பெரிது என்று சத்தியம் பண்ணலாம். ஒரு நாள் சந்தேகம் தாங்காமல் என் டேப்பை எடுத்து அளந்தேன். ஒரு அங்குலம்கூடக் கூட இல்லை. நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி கதவு நிலையில் சாய்ந்து நின்று சிரித்தார்.

"எல்லாரும் அளந்து பாக்குறாங்க தம்பி. பெரிய கங்காணியும் அளந்துட்டுத்தான் போனாரு."

நின்றால் தோளுக்கு மேலே வருகிறபடி ஒரு சாமானும் வைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். பெட்டிகள், பாத்திரங்கள், பிள்ளைகளின் புத்தகங்கள் எல்லாம் சுவரோரம் ஒரே உயரத்தில் ஓடும். நடுவில் தொங்கும் சேலைத் திரை அறையைச் சரிபாதியாகப் பிரிக்காது, ஐந்தில் இரண்டு பங்கை உள்ளே விட்டிருந்தது. ஏன் பாதி இல்லை என்று கேட்டேன். "பாதியாப் பிரிச்சா ரெண்டுமே பத்தாதுங்க. இப்பிடிப் பிரிச்சா ஒண்ணு உக்கார, ஒண்ணு படுக்க" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரூம்பு பெருசில்ல சார். எதுவும் இன்னொண்ண மெரட்டல, அம்புட்டுத்தான்" என்றார்.

கட்டட வடிவமைப்பில் அளவு, விகிதம், ஒழுங்கு என்று மூன்று தலைப்பில் ஒரு வருடம் முழுக்கப் படித்திருக்கிறேன். மெரட்டுவது என்ற சொல் அந்தப் பாடத்தில் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சீக்கிரம் விளங்கியிருக்கும்.

பெரிய துரை பங்களாவுக்குத் திரைச்சீலை தைக்க அவர் போய்வந்த கதையும் அப்படித்தான். எட்டடிக் கதவு, பன்னிரண்டடிக் கூரை. வந்து மனைவியிடம் சொன்னாராம்: "அங்க உள்ள கதவு ஆளச் சின்னதாக்குது. நம்ம லயத்துக் கதவு ஆளக் குனிய வைக்குது. ரெண்டும் பாக்குற வேல ஒண்ணுதான்." அக்கா இதை எனக்குச் சொல்லும்போது அவர் மெஷினை மிதித்துக்கொண்டு எதுவும் கேட்காதவர் போல இருந்தார்.

இனி படியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தள்ளிப்போட்டு எழுதிக்கொண்டே வருவது எனக்கே தெரிகிறது.

மேல் வரிசையில் எட்டு வீடுகள். அதில் ஒன்று அவர்களுடையது. ரோட்டிலிருந்து அந்த எட்டு வீட்டுக்கும் ஒரே படிக்கட்டு, இருபது படி, ஒவ்வொன்றும் ஆறரை அங்குலம். கீழேயிருந்து பத்தொன்பது படிக்குக் கொங்கிரீட் போட்டு முடித்துவிட்டோம். அதன் பிறகுதான், மேலே நிலத்தைச் சமப்படுத்திய பெக்கோ மெஷின் ஒரு பாறையை உடைக்க முடியாமல் அதன்மேல் மண்ணைப் பரப்பிவிட்டுப் போனது தெரிந்தது. வாசல் நான் போட்ட கணக்கைவிட மூன்று அங்குலம் உயர்ந்துவிட்டது. வியாழக்கிழமை திறப்பு விழா. மந்திரி வருகிறார். அன்றைக்குச் சனிக்கிழமை. கடைசிப் படியை ஒன்பதரை அங்குலமாகப் போடச் சொன்னேன். மேசன் என்னை ஒருதரம் பார்த்தார், பிறகு போட்டார்.

மறுநாள் ஈரம் காய்வதற்குள் டெய்லர் வந்துவிட்டார். கடைசிப் படியில் டேப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், கடசிப் படி ஒம்பதர வருதுங்க."

"தெரியும்ணே. மண்ணு மூணு இஞ்சு ஒசந்துருச்சு, என்னா செய்ய?"

"இருவதுக்கும் பிரிச்சா ஒரு படிக்கு ஒரு நூல் சொச்சந்தான் கூடுது. யாருக்கும் தெரியாதுங்க."

அங்குலத்தில் எட்டில் ஒன்றைத்தான் நூல் என்போம். கணக்கு சரி. எனக்கும் தெரியும். ஏறுகிற கால் முதல் இரண்டு படியிலேயே உயரத்தை மனப்பாடம் பண்ணிவிடும், பிறகு கண்ணின் உதவியைக் கேட்காது, ஒரு படி மாறினாலும் ஏமாந்துவிடும் என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியவன் நான்.

"அப்ப பத்தொம்பது படியயும் ஒடைக்கச் சொல்றீங்களா? வியாழக்கெழம மந்திரி வாறாருண்ணே."

"மேல அஞ்சு படிய மட்டுமாவது ஒடச்சுப் பிரிப்போங்க சார். திருத்தமா வராதுதான். ஆனா ஆள் விழாது."

"தொறப்பு முடியட்டும். அடுத்த கெழமையே செஞ்சு தாறேன். என் பேச்சுங்கண்ணே."

அவர் எழுந்து நின்று டேப்பைச் சுருட்டினார். போகும்போது ஒன்று கேட்டார்.

"படங்கு கட்டிக்கிட்டு ஏறிப் பாத்தீங்களா சார்?"

கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் பனி ஈரமும் தேயிலைக் குச்சியும் காலைக் கிழிக்காமல் இருக்க, இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை தடித்த சீலையொன்றைச் சுற்றிக் கட்டுவார்கள். அதுதான் படங்கு. நனைந்தால் பலகை போல விறைக்கும். அந்தத் தோட்டத்தில் பாதிப் பேருக்கு அதற்கு ஓரம் அடித்து நாடா வைத்துக் கொடுத்தது அவர்தான். "அதக் கட்டுன பொம்பளைக்கு ஏழர இஞ்சுக்கு மேல முழங்கால் தூக்காதுங்க. தச்சுக் குடுக்குறவன் சொல்றேன்" என்றார்.

நான் சிரித்தேன். பிறகு, மனசுக்குத் திருப்தியாக இருக்கட்டும் என்று இரண்டு முறை ஏறி இறங்கிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் காற்சட்டை போட்டிருந்தேன். என் அம்மா ஆயுசில் பாதியைப் படங்கு கட்டிக்கொண்டே கழித்தவர். அவர் ஏற்றத்தில் எப்படிக் காலைப் பக்கவாட்டில் வைத்து ஏறுவார் என்பது இப்போது கண்ணை மூடினாலும் தெரிகிறது. அன்றைக்கு அந்த நினைப்பு எங்கே போயிருந்தது என்று எத்தனையோ முறை என்னையே கேட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை மந்திரி மாலையும் கழுத்துமாக ஏறி வந்தார். கடைசிப் படியில் அவர் காலே தட்டியது. பக்கத்திலிருந்தவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மந்திரி சிரித்தார், ஆகவே எல்லோரும் சிரித்தோம். கூட்டத்தில் டெய்லர் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். நான் பேண்ட் வாத்தியக்காரர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த கிழமை என்னை ராகலைப் பக்கத்து வேலைக்கு மாற்றினார்கள். டெய்லர் இரண்டு தடவை போன் எடுத்தார். இரண்டு தடவையும் "வாற கெழம" என்றேன். மூன்றாம் தடவை அவர் கூப்பிடவில்லை. அதற்குள் அந்தப் படியின் விளிம்பில் தானே வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தார் என்றும், பின்னேரம் வீட்டு முன்னால் நின்று வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் "கடசிப் படி ஒசரம், பாத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தார் என்றும் பிறகு கேள்விப்பட்டேன்.

நாலு மாதம் கழித்து, பள்ளிக்கூடம் தொடங்குகிற மாதம். அந்த நேரத்தில் டெய்லருக்குக் கடையில் தலை நிமிர நேரம் இருக்காது. அவர் மனைவி கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து, வெட்டி விழுந்த மிலாறுக் குச்சிகளை அடுப்புக்குக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். தூறல். வெள்ளைப் பெயின்டை நாலு மாதச் சேறு மூடியிருந்தது. படங்கு நனைந்திருந்தது. அந்தப் படியைப் பற்றி ஊரிலேயே அதிகம் கேட்டவர் அவர்தான். ஆனாலும் பத்தொன்பது படி ஏறிய கால் இருபதாவதையும் அதே போலத்தான் ஏறும். விளிம்பில் விரல் இடறி, குச்சிக் கட்டோடு பக்கத்துக் கானுக்குள் விழுந்தார். இடுப்பெலும்பு போய்விட்டது.

இரண்டாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் டெய்லர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் டேப். என்னைக் கண்டதும் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

"வாங்க சார். சாப்புட்டீங்களா?"

அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் இவ்வளவு நாள் சுமந்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். அதுகூட என் வசதிக்கு நினைப்பதுதான்.

மாதக் கடைசியில் பிள்ளை மடுவத்தில் சங்கக் கூட்டம். அலுவலகத்திலிருந்து என்னையே அனுப்பினார்கள். அக்காவின் தம்பி ஒரு கடிதத்தை எழுதி எடுத்து வந்திருந்தார். எல்லோரும் கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பப் போகிறார்கள். என் கவனக்குறைவால் நடந்தது என்று அதில் எழுதியிருந்தது. அது போயிருந்தால் என் வேலை போயிருக்கும். அதிலிருந்த ஒரு எழுத்தும் பொய்யில்லை. எழுந்து ஒத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன், நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். டெய்லர் எழுந்தார்.

"கடுதாசி இருக்கட்டும் மச்சான். நான் சொல்றதக் கேளுங்க. பெக்கோக்காரன் கல்ல மூடிட்டுப் போனது ஒரு பங்கு. தொறப்பு விழா பிந்தக் கூடாதுன்னு நாம எல்லாரும் அவசரப்பட்டது ஒரு பங்கு. சார் வாறேன்னுட்டு வராதது ஒரு பங்கு. தெரிஞ்சும் நான் ஒடைக்காம விட்டது ஒரு பங்கு. என்கிட்ட உளி இருந்துச்சு, சுத்தியல் இருந்துச்சு. பெயின்ட அடிச்சுட்டுச் சும்மா இருந்துட்டேன்."

பின்னாலிருந்து யாரோ, "மழைக்கு?" என்று கேட்டார்கள். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"மழைக்கு இல்ல" என்றார்.

கடிதத்தில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. எனக்குக் கால் பங்குதான் விழுந்திருந்தது. அப்பாடா என்று அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கினேன். அவருடைய பங்கும் சேர்ந்து என்னுடையதுதான் என்று அந்தக் கூட்டத்தில் ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. படியில் நான் செய்தது தப்பு. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்ததை என்னவென்று சொல்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

ஆறு மூட்டை சிமெந்து அனுப்பிவைத்தேன். ஐந்து படியை உடைத்தால் போதும் என்று சொல்லியும் கேட்காமல், சங்கத்து ஆட்களைச் சேர்த்துக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் இருபது படியையும் உடைத்து அவர் திரும்பக் கட்டினார் என்று மேசன் சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை. நோர்வூட் பக்கத்து வேலைகளை வேறு ஆட்களிடம் தள்ளிவிட்டேன். அக்கா கைத்தடியோடு வீட்டுக்குள் நடப்பார் என்றும், கிளினிக்குக்குப் போக மட்டும் நாலு பேர் நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள் என்றும், டெய்லர் கடையை விட்டுவிட்டு மெஷினை மேலே வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார் என்றும் அவ்வப்போது காதில் விழும். தைக்கக் கொடுக்கிறவர்கள் படியேறிப் போனார்கள்.

போன வருடம் புடவைக் கடை நானா போன் எடுத்து, டெய்லர் போய்விட்டார் என்றார். நெஞ்சுவலி. இரண்டு மணித்தியாலம்தான். சாவுக்கு நான் போகவில்லை. மீட்டிங் என்று ஒரு காரணம் சொன்னேன். கருமாதி முடிந்து ஒரு கிழமை கழித்து, ஒரு காலை நேரம் போனேன்.

அக்கா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். மெஷினை ஒரு வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். மூத்த மகள் பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை, டீ ஆறுவதற்குள் சொல்லிவிட்டேன்.

"அந்தத் தப்பு முழுசும் என்னோடதுதான் அக்கா. அண்ணன் தலையில ஒரு பங்கப் போட்டுக்கிட்டப்ப நான் பேசாம இருந்துட்டேன்."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். கோபம் இருந்த மாதிரித் தெரியவில்லை.

"தெரியுந் தம்பி. அன்னைக்கே அவருகிட்டக் கேட்டேன், ஏன் அப்பிடி உங்க மேல போட்டுக்கிட்டு வந்தீங்கன்னு. அந்த ஆளுக்கு முழுசும் தாங்காதுன்னாரு."

நான் டீயை எடுத்துக் குடித்தேன். சூடாக இருந்ததா, ஆறியிருந்ததா என்று ஞாபகமில்லை. டெய்லர் என்னையும் அளந்திருக்கிறார். அளவு சரியாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, ஏறி வந்தீங்களே, படி இப்ப எப்பிடி இருக்கு? எல்லாம் ஒண்ணு போல வந்துருச்சுன்னுதான் அவரு சொன்னாரு. நான் இன்னும் கால வச்சுப் பாக்கலையே."

நான் வாசலுக்கு வெளியே பார்த்தேன். பாசி பிடிக்காமல் கழுவி விட்டிருந்தார்கள். ஏறி வந்தது நினைவிருந்தது, படிகள் நினைவில்லை.

"ஏறுறப்ப எனக்கு ஒண்ணும் தெரியல அக்கா."

"அப்ப சரியாத்தான் வந்துருக்கு" என்று சொல்லிவிட்டு, அவர் ஜன்னல் வழியாகக் கீழே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.